வில்கமுவையில தோள்ல ஏறுன சால்வை

என் மக செல்வி என்ன வேலை பாக்குறான்னு கூடலூர்ல யாராச்சும் கேட்டா, "வெளிநாட்டுல டாக்டர் மாதிரி"ன்னு சொல்லி வச்சிருந்தேன். ஊசி போடுவாளான்னு கேப்பாங்க. போட மாட்டா. மருந்து குடுப்பாளா? குடுக்க மாட்டா. அப்ப என்னதான் பண்ணுவா? அது எனக்கே தெரியாமத்தான் இருந்துச்சு. இந்த வாட்டி அவகூட இலங்கையில மாத்தளைக்குப் போயி, கூடவே இருந்து, கண்ணால பாத்துட்டு வந்துட்டேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகன் வயித்துப் பேத்தி போனுல புடிச்சு எழுதுறா. நடுவுல அவ திருத்தப் பாத்தா நான் விடுறதில்ல.

எனக்கு அந்த நாடு புதுசு இல்லீங்க. பன்னெண்டு வயசு வரைக்கும் மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துல கெடந்தவ. அப்புறம் குடும்பத்தோட இந்தியாவுக்குக் கப்பல் ஏத்தி அனுப்பிட்டாங்க. நாங்க குடியிருந்த பழைய லயத்தப் பாத்து அழுதியான்னு வந்ததுல இருந்து எல்லாரும் கேக்குறாங்க. அந்தப் பக்கமே போகல. நேரம் இல்ல. அட்டைய மட்டும் பாத்தேன். அது அன்னைக்கும் ரத்தம் குடிச்சுது, இன்னைக்கும் குடிக்குது.

செல்வி கோயமுத்தூர்ல மனசப் பத்தின படிப்புப் படிச்சா. சுனாமி வந்தப்ப நாகப்பட்டினத்துக்குப் போனா. வாயே தொறக்காத புள்ளைங்கள அங்க ஒரு வெளிநாட்டம்மா நாடகம் போட வச்சுப் பேச வச்சாங்களாம். அதப் பாத்ததோட இவ வீட்டுக்குத் திரும்பி வரல, அந்தப் படிப்பு படிக்கப் போயிட்டா. அப்புறம் நேபாளத்துல நெலம் ஆடுனப்ப அங்க. ஜோர்தான்ல சண்டைக்குத் தப்பி வந்த சனங்க கூடாரத்துல இருந்தப்ப அங்க. இப்ப சுவிசுல வீடு. வருசத்துக்கு ஒருக்கா சாக்லேட்டோட வருவா. ஒலகத்துல எங்க அழுகைச் சத்தம் கேட்டாலும் என் மகளுக்குக் கேக்கும். என் போனு அடிக்கிறது மட்டும் எப்பவாச்சும்தான் கேக்கும். கொறையாச் சொல்லல, வேலை அப்படி.

மொத நாளு மாத்தளைக்குப் பக்கத்துல அலுவிகாரையில தங்குனோம். அங்க பளீலா டீச்சர்னு ஒரு முஸ்லிம் புள்ள, நாப்பது வயசிருக்கும். தமிழும் சிங்களமும் ஒரே வாயில தண்ணி மாதிரி வரும். செல்வி பேசுறத சிங்களத்துல சொல்றதுக்கு அவங்கதான் ஆளு. அவங்க வீட்டுலதான் ராத்திரிச் சாப்பாடு. பலாக்கா கறி, மாசிக் கருவாடு போட்ட சம்பல், இடியாப்பம். நம்ம ஊர்ல இடியாப்பத்துக்குத் தேங்காப்பாலு ஊத்திச் சீனி போடுவோம். அங்க சம்பலு போட்டு ஒரே ஒறப்பு. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"அம்மா அழுறீங்களா, பொறந்த ஊரு நெனப்பா?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"கொச்சிக்கா நெனப்பு"ன்னேன். அந்தச் சொல்லு என் வாயில எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. கூடலூர்ல மொளகாதான் சொல்வோம்.

மறுநாளு டீச்சரையும் கூட்டிக்கிட்டு வில்கமுவைக்கு பஸ்ஸு. முன்னாடி சீட்டு காலியா இருந்துச்சேன்னு ஏறி உக்காந்துட்டேன். மேல என்னமோ எழுதியிருந்துச்சு. எழுதியிருந்தா எனக்கென்ன? கொஞ்ச தூரம் போனதும் ஒரு புத்தசாமியாரு ஏறுனாரு. கண்டக்டரு ஓடி வந்து, "ஆச்சி, அது ஹாமுதுரு சீட்டு"ன்னாரு. ஹாமுதுருன்னா சாமியாரு. நான் எந்திரிக்க, அந்தப் பெரியவரு வேணாம் வேணாம்னு கையக் காட்ட, ஆனா பொம்பள பக்கத்துல அவரு உக்காரக் கூடாது, அதனால அவரு நிக்க, அவரு நிக்கிறாரேன்னு நான் நிக்க, ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே மூணு வளைவு போயிட்டோம். சீட்டு மட்டும் சொகமா வந்துச்சு. கடைசியில கண்டக்டரு பின்னாடி இருந்த ஒரு தடியன எழுப்பிவிட்டு எனக்கு எடம் புடிச்சுக் குடுத்தாரு.

பாதி வழியில பஸ்ஸு பொக பொகையா விட்டு நின்னுருச்சு. அடுத்த பஸ்ஸு எப்பன்னு கேட்டா, "வரும்"னு சொன்னாங்க. இன்னைக்கா நாளைக்கான்னு சொல்லல. வயலுக்குக் காலிச் சாக்கு மூட்டை ஏத்திக்கிட்டுப் போன டிராக்டர்காரர டீச்சர் நிப்பாட்டி, பின்னாடி பெட்டியில எங்கள ஏத்திட்டாங்க. மூட்டை மேல நான் ராணி மாதிரி. கம்ப்யூட்டர் பையக் கட்டிப்புடிச்சுக்கிட்டு செல்வி. ஒவ்வொரு குழிக்கும் அவ மூஞ்சியப் பாக்கணுமே. ரெண்டு பக்கமும் வயலு. எங்க பக்கம் மலையில இவ்வளவு தட்டையான நெலத்த நான் பாத்ததே இல்ல.

"இடுப்பு வலிக்குதுடி"ன்னேன்.

"அது உனக்கு எப்படி இருக்கும்மா?"ன்னா.

அவளுக்கு அது பழக்கம். என்ன சொன்னாலும் இப்படித்தான் திருப்பிக் கேப்பா. "இடுப்பு வலிக்கிற மாதிரி இருக்கு"ன்னேன். டிராக்டர்காரரு தமிழ் தெரியாமலே சிரிச்சாரு.

அங்க வயலோரம் ஒரு பொது மண்டபம். மழை வெள்ளத்துல வீடு போன சனங்கள வீடு வீடாப் போயிப் பாத்துப் பேசுற பொம்பளைங்க ஒரு இருவது பேரு வந்திருந்தாங்க. அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் செல்வி வந்தது. நான் கதவோரமா பாயப் போட்டு, மத்தியானச் சோத்துக்கு அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டே வேடிக்கை பாத்தேன்.

மேடை கிடையாது, எழுதி வச்ச வசனம் கிடையாது. ஒருத்தி தன் மனசுல கெடக்குற ஒண்ணச் சொல்லுவா. அதுல வர்ற ஆளுங்களுக்கு அங்க உக்காந்திருக்கவங்கள்ல இருந்தே அவளே ஆளு பொறுக்குவா. நீ என் புருசன், நீ என் அக்கா. தோள்ல ஒரு துணியப் போட்டு விடுவாங்க, அதுதான் வேசம். அப்புறம் நடந்தத நடத்திப் பாப்பாங்க. நடுவுல செல்வி "எடம் மாத்துங்க"ம்பா. அழுதவ புருசன் எடத்துக்குப் போயி நின்னு அவன் மாதிரி பேசணும். முடிஞ்சதும் ஒரு சட்டம் இருக்கு. வேசம் போட்டவங்க ஒவ்வொருத்தரா துணிய எடுத்து வச்சுட்டு, "நான் உன் புருசன் இல்ல, நான் சோமாவதி"ன்னு சொந்தப் பேரச் சொல்லணும். அத முடிக்காம தண்ணி குடிக்கக்கூட செல்வி யாரையும் வெளிய விட மாட்டா.

அது எனக்குச் சட்டுன்னு புரிஞ்சுது. எங்க அப்பா தோட்டத்துல காமன் கூத்துல ரதி வேசம் கட்டுவாரு. காப்புக் கட்டிட்டா, அவுக்குற வரைக்கும் வீட்டுப்படி ஏற மாட்டாரு. எங்கம்மா சோத்தக் கொண்டுபோயி வாசல்ல வச்சுட்டு வரும். காப்ப அவுத்து, குளிச்சு, அப்புறந்தான் எங்கப்பா எங்கப்பாவா வருவாரு. என் மக சுவிசு வரைக்கும் போயிப் படிச்சது நம்ம சங்கதிதானான்னு சந்தோசமாப் போச்சு. இவ்வளவு தெரிஞ்சும்தான் நான் அந்தத் தப்பப் பண்ணுனேன்.

ரெண்டாம் நாளு மத்தியானம் குசுமான்னு ஒருத்தி எந்திரிச்சா. முப்பத்தஞ்சு வயசு, ஒல்லி, சிரிச்ச மூஞ்சி. அவ குவைத்துல ஒரு வீட்டுல வேலைக்கு இருந்தப்ப அவ அம்மா செத்துப்போச்சு. அந்த வீட்டுக்காரங்க அனுப்பல. வந்து சேர்ந்தப்ப எட்டு மாசம் ஆயிருச்சு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னா. யாரு அம்மான்னு செல்வி கேட்டா. குசுமா எல்லார் மூஞ்சியையும் பாத்துட்டு, நேரா கதவுப் பக்கம் வந்து என் முன்னாடி நின்னுட்டா.

செல்வி கொஞ்சம் தயங்குனா. அப்புறம் என்னைப் பாத்து, "முடியுமாம்மா?"ன்னா. மொறத்தக் கீழ வச்சேன். செவப்புச் சால்வை ஒண்ண எடுத்து குசுமாவே என் தோள்ல போட்டா.

நாக்காலியில உக்காந்தேன். அவ மண்டி போட்டு, ரெண்டு கையும் சேத்து, நெத்தி என் பாதத்துல படக் கும்புட்டா. சிங்கள சனங்க வெளிய போறப்ப பெத்தவங்களக் கும்புடுறது அப்படித்தான். "அம்மே"ன்னா. அதுக்கப்புறம் வார்த்தை வரல. டீச்சர் மொழிபேத்துச் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. "எடம் மாத்துங்க"ன்னா செல்வி. குசுமா என் நாக்காலியில உக்காந்து, அவ அம்மாவா மாறி, கீழ இருந்த என்னைப் பாத்துச் சொன்னா. டீச்சர் எனக்குத் தமிழ்ல சொன்னாங்க: "வந்துட்டியா. நல்லாச் சாப்புட்டியா அங்க?"

திரும்ப எடம் மாறி, அதையே நான் அவளுக்குச் சொல்லணும். எனக்குத் தெரிஞ்ச அரைகொறைச் சிங்களத்துல சொன்னேன். அவ என் மடியில மொகத்தப் பொதைச்சு அழுதா. நான் தலையத் தடவுனேன். செல்வி அப்படித் தடவச் சொல்லல. கை தானாப் போச்சு.

அந்த நேரம் பாத்து வெளிய ஒருத்தன், "அலியா எனவா"ன்னு கத்துனான். யானை வருதாம். கொளத்துக்கரையில ஒத்தை ஆண் யானை, வயலப் பாத்து நடந்து வருது. மண்டபமே எந்திரிச்சு ஓடிருச்சு. அவங்களுக்கு அது வேடிக்கை இல்ல, வெளஞ்ச நெல்லு. பட்டாசு வெடிச்சு, தகரம் தட்டி, அதத் திருப்பி அனுப்புறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. நாங்களும் தங்குற எடத்துக்கு நடந்துட்டோம். காத்து சில்லுன்னு இருந்துச்சு. சால்வை தோள்லயே இருந்துச்சு.

விடியக்காலம் கதவத் தட்டுற சத்தம். குசுமா. வாழையிலையில பால்சோறு, கித்துல்னு ஒரு மரத்துக் கருப்பட்டி. "அம்மே"ன்னு கூப்புட்டுக்கிட்டே என் பக்கத்துல உக்காந்து, நான் திங்கிறதப் பாத்துக்கிட்டிருந்தா. தின்னு முடிச்சதும் என் தலைய அவுத்து, எண்ணெய் வச்சு, சிடுக்கெடுத்து, கொண்டை போட்டு விட்டா. என் தலைய இன்னொருத்தங்க சீவி எத்தனை வருசம் ஆச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன்.

செல்வி பல்லு வெளக்கிட்டு வந்து பாத்தா. குசுமா போனதுக்கப்புறந்தான் கேட்டா.

"அம்மா, சால்வை ஏன் உன் மேல இருக்கு?"

"குளுருக்கு."

"நீ வேசம் கலைக்கல. யானை வந்ததுல நானும் விட்டுட்டேன். என் தப்பு. இன்னைக்கு மொத வேலையா அதச் செய்யணும்."

"ஒரு நாளு இருக்கட்டுமே. பாவம் புள்ள, சந்தோசமா இருக்கா."

"அவளா, நீயா?"

நான் கேக்காத மாதிரி கருப்பட்டியக் கடிச்சேன்.

அன்னைக்கு மண்டபத்துல செல்வி கூப்புட்டப்ப தல சுத்துதுன்னு போயிப் படுத்துட்டேன். பொய்தான். மத்தியானம் குசுமா கொளத்து மீன் கொழம்பும் கேவுரு ரொட்டியும் கொண்டு வந்தா, அங்க அதுக்குக் குரக்கன்னு பேரு. சாயங்காலம் பால் ஊத்தாத பிளேன்டீ. கால அமுக்கி விட்டா. அவ என்னென்னமோ சிங்களத்துல சொல்லுவா, நான் தமிழ்ல ஏதாவது சொல்லுவேன், ரெண்டு பேரும் தலையாட்டிக்குவோம். செல்விகூட எனக்கு இவ்வளவு பேச்சு நடந்ததில்ல.

அன்னைக்குச் சாயங்காலம் செல்வி என் எதுக்க வந்து உக்காந்தா. "எப்படி இருக்கு"ன்னு கேக்கல. நேராச் சொன்னா.

"அம்மா, நாளைக்கு மத்தியானம் நாம கெளம்புறோம். நீ அவ அம்மாவாவே பஸ் ஏறுனா, அவளுக்கு ரெண்டாவது வாட்டி அம்மா செத்த மாதிரி. போன வாட்டி அவ இங்க இல்ல. இந்த வாட்டி கண்ணு முன்னாடி. நான் இத ஒரு ஊர்ல பாத்திருக்கேன். அந்தப் பையன் அப்புறம் நாலு மாசம் பேசல. அதுக்கு நான்தான் காரணம்."

எந்த ஊருன்னு அவ சொல்லல. என் மக வேலையில ஒரு ஊரும் ஒரு பையனும் இப்படி உள்ள கெடக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். வருசா வருசம் சாக்லேட்டோட வர்றப்ப அதெல்லாம் அவ பையில இருந்திருக்கு. நான் பிரிச்சுப் பாக்கல.

"நாளைக்குச் சொல்லிர்றேன்"னேன்.

மறுநாளு காலையில எல்லாரும் வட்டமா உக்காந்தாங்க. நான் நடுவுல போயி நின்னேன். சால்வைய எடுத்து நாலா மடிச்சேன். டீச்சர் பக்கத்துல நின்னாங்க. குசுமா எதுக்க.

"நான் உன் அம்மா இல்ல"ன்னேன். டீச்சர் அத மெதுவாச் சொன்னாங்க. "நான் ராசம்மா. கூடலூர்க்காரி. கொழுந்து பறிச்சவ. இந்தா நிக்கிறாளே செல்வி, அவளப் பெத்தவ. உங்கம்மாவ உங்கிட்டயே குடுத்துட்டேன்." சால்வைய நீட்டுனேன். அவ உடைஞ்சு போயிருவான்னு பயந்தேன்.

அவ வாங்கிக்கிட்டா. அப்புறம் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே என்னமோ சொன்னா. டீச்சர் அதக் கேட்டுட்டு ஒரு நிமிசம் தமிழாக்காம நின்னாங்க.

"சொல்லுங்க டீச்சர்"னேன்.

"அவங்க அம்மா ஒரு நாளும் இவங்க சமையல கொற சொல்லாமச் சாப்புட்டதில்லையாம். நேத்துப் பால்சோத்துல உப்பு அள்ளிப் போட்டுட்டாங்களாம். நீங்க ஒண்ணும் சொல்லாமச் சாப்புட்டீங்களாம். இது அம்மா இல்லன்னு அப்பவே தெரியுமாம்."

"அப்ப ஏன் மத்தியானமும் கொண்டு வந்தா?"

டீச்சர் கேட்டாங்க. குசுமா செல்விய ஒரு பார்வை பாத்துட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டே பதில் சொன்னா.

"சால்வைய நீங்க எடுக்கவே இல்லையாம். பாவம், உங்களுக்குத்தான் ஒரு மக தேவைப்படுதுன்னு நெனச்சாங்களாம்."

எனக்கு எங்க பாக்குறதுன்னு தெரியல. செல்வி கையில இருந்த தாளையே பாத்துக்கிட்டிருந்தா. அந்த நேரம் அவ வழக்கமாக் கேக்குறதக் கேட்டிருந்தா நான் செத்தே போயிருப்பேன். அவ கேக்கல.

குசுமாதான் கிட்ட வந்து என் கையப் புடிச்சு, "ராசம்மா ஆச்சி"ன்னு பேரச் சொல்லிக் கூப்புட்டா. அதோட என் காப்பு அவுந்துச்சு.

மத்தியானம் பஸ்ஸு சொன்ன நேரத்துக்கே வந்துருச்சு, என்னைக்கும் இல்லாத அதிசயம்னு டீச்சர் சொன்னாங்க. குசுமா ஓடி வந்து ஜன்னல் வழியா ஒரு சோத்துப் பார்சலு திணிச்சா. அழல. கையாட்டுனா. நான்தான் அடுத்த ரெண்டு வளைவுக்கு மூக்கச் சிந்திக்கிட்டு வந்தேன்.

மாத்தளையில எறங்கி, முத்துமாரியம்மன எட்டி நின்னு கும்புட்டுட்டு, டீச்சர்கிட்ட சொல்லிட்டு, கண்டிக்கு ரயில் ஏறுனோம். கொழும்புல அவளுக்கு ஒரு பிளேனு, எனக்கு ஒரு பிளேனு. ரயிலு மெதுவாத்தான் போச்சு. செல்வி ஜன்னலோரம் வெறிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா. பாத்தா, கழுத்துல நாடா போட்ட அட்டை இன்னும் தொங்குது. மண்டபத்துல எல்லாருக்கும் தெரியணும்னு பேரும் படிப்பும் எழுதி மாட்டியிருந்தாளே, அது.

"அத அவுத்துரு"ன்னேன்.

குனிஞ்சு பாத்தா. "மறந்துட்டேம்மா."

"எத்தனை வருசமா மறந்த?"

அவ என்னைப் பாத்தா. அப்புறம் மெதுவா நாடாவத் தலைக்கு மேல தூக்கி எடுத்து, மடியில வச்சுக்கிட்டா.

"பேரு சொல்லணுமா?"

"நீ போட்ட சட்டந்தானே."

எதுக்க உக்காந்திருந்த அம்மா ஒருத்தி ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே எங்களையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

"நான் டாக்டர் இல்ல"ன்னா செல்வி. "நான் செல்வி." அப்புறம் சின்னப் புள்ள கணக்கா மூஞ்சியச் சுருக்கிக்கிட்டு, "பசிக்குதும்மா. காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல"ன்னா.

அவ வாயில இருந்து பசிக்குதுன்னு கேட்டு எத்தனையோ வருசம் ஆச்சு. குசுமா குடுத்த பார்சலப் பிரிச்சு அவ மடியில, அந்த அட்டைக்கு மேலயே வச்சேன். செவப்பரிசிச் சோறு, பருப்பு, பொரிச்ச மீன் ஒரு துண்டு. ஒரு வாய் அள்ளிப் போட்டா. மென்னா. நின்னா.

"உப்பு ரொம்பக் கூடம்மா."

"பேசாமத் தின்னு"ன்னேன்.

கூடத்தான். எனக்கு மொத நாளே தெரியும்.